முதல் குடம்

மலைக்குச் சொந்தக்காரரான மிட்டாதார் டோலியில்தான் மேலே வருவார். முன்தண்டைச் சுமந்து சுமந்து சடையனுக்குத் தோள் காய்த்துப்போயிருந்தது. அன்று உச்சியில் இறங்கியதும், கோயில் சுனைக்கு மேலிருந்த சோலைக்காட்டைக் கைத்தடியால் சுட்டினார்.

"மொத்தத்தையும் வெட்டிக் கரி சுட்டுடுங்க. ஒரு மரம் நிக்கக்கூடாது."

"மரம் போனா சுனை வத்திடும் சாமி!" என்று ஊரே காலில் விழுந்தது. அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

சடையன் தோளைத் தேய்த்துக்கொண்டே சலிப்போடு கேட்டான்.

"வெட்டிடலாங்க. திருவிழாவுக்கு அம்மனுக்கு முதல் குடம் யாருங்க எடுக்கிறது?"

"இதென்ன கேள்வி? வெறுங்காலோட, தலையில வச்சு நான்தான் எடுத்துட்டு வருவேன். பரம்பரை மரியாதை! வேற எவனாவது குடத்தைத் தொட்டா கையை ஒடிச்சிடுவேன்."

"அதாங்க சாமி. சுனை வத்திட்டா தண்ணிக்கு அடிவாரத்து ஆத்துக்குத்தான் போகணும். அங்கிருந்து நீங்கதான் சுமந்துட்டு ஏறணும். நாங்க வெறும் டோலியைத் தூக்கிட்டுப் பின்னாலேயே வர்றோம்."

கூட்டத்தில் ஒருத்தி களுக்கென்று சிரித்துவிட்டாள். மிட்டாதார் தன் தொந்தியைப் பார்த்தார். ஏறி வந்த பாதையைப் பார்த்தார்.

"சரி, காடு இருந்துட்டுப் போகட்டும்" என்று டோலியில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

இறங்கும் வழியில் கைத்தடி எதிர்மலைப் பக்கம் நீண்டது.

"அங்கேயும் நல்ல மரமா நிக்குதே. அந்த மலையில திருவிழா எதுவும் உண்டாடா?"

சடையன் பெருமூச்சு விட்டுத் தோள் மாற்றிக்கொண்டான்.

"இந்த வருசத்திலிருந்து உண்டுங்க சாமி. அங்கேயும் முதல் குடம் உங்களுக்குத்தான்."