சூரியன் இல்லாத தேரி

கடைசியில் ஒரு சிரிப்பு இருக்கிறது. இப்பவே கேட்காதீங்க. அண்ணாச்சி செம்மணல் தேரியில் நின்ன மாதிரி கொஞ்ச நேரம் நில்லுங்க.

"இன்னும் எவ்வளவு நேரம் டீச்சர்?" என்றார் அண்ணாச்சி.

"வெளிச்சம் வரட்டும்," என்றார் சித்தி.

"வெளிச்சம் மண்டையைப் பொளக்குது. இதுக்கு மேல எங்கேருந்து வரணும்?"

சித்தி ஒரு பிடி செம்மணலை அள்ளி, விரலிடுக்கில் ஒழுக விட்டார். பதில் அவ்வளவுதான்.

அண்ணாச்சியின் பெயர் ஞானசிகாமணி. முப்பது வருஷமாகக் கல்யாண ஸ்டூடியோ. வெளிச்சம் வராவிட்டால் பிளாஷைத் தட்டி வரவழைக்கிற ஆள்.

என் சித்தி ஜெபராணி காடு, மலை, கடல் என்று எடுக்கிறவர். அண்ணாச்சியைவிட ரொம்பச் சின்னவர். இருந்தாலும் அண்ணாச்சி வாய் நிறைய டீச்சர் என்பார்.

அண்ணாச்சிக்கு வேண்டியது ஒரே ஒரு படம்.

அவர் வீட்டுக்காரி ரூபி அத்தை இந்தத் தேரிக்காட்டு ஓரத்தில் பிறந்தவர். சனிக்கிழமை இரண்டு பேரும் மகள் வீட்டோடு இருக்க பெங்களூர் போகிறார்கள். அத்தைக்கு மூட்டு வலி. இந்த மணலில் இனி அவர் நடக்கப்போவதில்லை. பெங்களூர்ச் சுவரில் மாட்ட அவருக்குத் தன் தேரி வேண்டும்.

அண்ணாச்சி எடுத்துக்கொண்டு போன படங்களை எல்லாம் அத்தை ஒரே பார்வையில் தள்ளிவிட்டார். (அத்தை குரலை நான் நல்லாப் பண்ணுவேன். மூக்கால் இழுக்கணும்.)

"இது எங்க தேரி இல்லையே. எங்க தேரியில ஏது சூரியன்?"

"சூரியன் இல்லாம என்னத்தை எடுக்க ரூபி?"

"அது ஒங்க பாடு."

ஆயிரம் கல்யாணப் பெண்களைச் சிரிக்கவைத்தவர். சொந்த வீட்டுக்காரியிடம் ஒரு படம் செல்லவில்லை.

அதனால்தான் சித்தியிடம் வந்து நின்றார்.

"சரியான வெளிச்சம் இதுதான்னு எனக்கு எப்படித் தெரியும் டீச்சர்?"

"நான் 'இப்போ'ன்னு சொல்றேன். அமுக்குங்க."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

அண்ணாச்சிக்கு முகம் மலர்ந்துவிட்டது. கேமராவில் கண்ணைப் புதைத்துக்கொண்டு காதைத் தீட்டினார். சித்தி பின்னால் ஒரு பனையடியில் உட்கார்ந்தார். மடியில் அவருடைய கேமரா. லென்ஸ் மூடியைக்கூடக் கழற்றவில்லை.

பக்கத்தில் நான். சும்மா இருக்கணுமாம்.

முதலில் திருச்செந்தூர் பஸ் கண்டக்டர் ஆனேன். "உள்ள போ, உள்ள போ, படியில நிக்காத!" வெட்டவெளித் தேரியில் அண்ணாச்சி இரண்டு எட்டு முன்னால் நகர்ந்தார்.

அப்புறம் சர்ச் மைக். "ஓர் அறிவிப்பு. நீலநிற பைக்கை வாசலில் நிறுத்திய சகோதரர் உடனே..." அண்ணாச்சி பாக்கெட்டில் சாவியைத் தடவிப் பார்த்தார்.

அப்புறம் ஆட்டுக்காரர். தொண்டை கிழியக் கூப்பிட்டேன். எங்கிருந்தோ ஓர் ஆடு நிஜமாகவே வந்துவிட்டது.

சித்தி தண்ணீர் எடுக்க வண்டிக்குப் போனார்.

நான் சித்தி ஆனேன்.

"இப்போ!"

சடக்.

வீட்டில் ரூபி அத்தை அந்தப் படத்தை ரொம்ப நேரம் பார்த்தாராம். "இது எங்க தேரி இல்ல. இது யாரு வீட்டு ஆடு? அதுவும் பின்பக்கம்."

மறுநாள் அண்ணாச்சி மூச்சிரைக்க மணலேறி வந்தார்.

"ஒங்க வாயை நம்பித்தான டீச்சர் அமுக்கினேன்!"

"நான் சொல்லவே இல்லையே."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் பனை உச்சியைப் பார்த்தேன்.

"ஏட்டி! ஒன் நாக்கை இழுத்து வச்சு அறுத்துருவேன். டீச்சர், இவளைக் கூட்டிட்டு வராதீங்க."

"வரட்டும்."

"அப்போ எது ஒங்க குரல், எது இவ குரல்னு நான் எப்படிக் கண்டுபிடிக்க?"

"கண்டுபிடிக்க முடியாதுதான்," என்றார் சித்தி. "ஒண்ணே ஒண்ணு. திரும்பிப் பார்க்காதீங்க."

என்னிடம் பிளாஸ்க் நிறையச் சுக்குத் தண்ணியைக் கொடுத்துப் பக்கத்தில் உட்காரவைத்தார்.

"இப்போ!"

அண்ணாச்சியின் விரல் பட்டனுக்குப் போனது. நின்றது. கழுத்து பாதி திரும்பி, சித்தி பேச்சை நினைத்து முன்னால் போனது. வேறு வழியில்லாமல் மணலைப் பார்த்தார்.

மணல் வெளுத்துக் கிடந்தது. உச்சி வெயிலில் மேடும் தெரியவில்லை, பள்ளமும் தெரியவில்லை.

"ஏட்டி, சும்மா கெட," என்றார்.

சித்தி என்னைப் பார்த்தார். நான் சுக்குத் தண்ணி குடித்தேன்.

வெயில் சாய்ந்தது. "இப்போ!"

அண்ணாச்சி பார்த்தார். காற்று கீறிய வரிகள் மணலில் ஒவ்வொன்றாக எழும்பத் தொடங்கியிருந்தன. ஒருபக்கம் நிழல், ஒருபக்கம் வெளிச்சம். நடு மேட்டை ஒரு பனை நிழல் குறுக்கே வெட்டிக்கொண்டு கிடந்தது.

"பனை நிழல் இன்னும் தாண்டலல்லா? வாயை மூடு, குரங்கே."

அதற்கு அடுத்த நாள் அவருக்குப் பொறுக்கவில்லை.

"டீச்சர், ஒரே ஒரு பிளாஷ் போட்டுப் பாப்போமா?"

"போடுங்க."

போட்டார். காலடியில் நாலு முழம் மணல் பளீரென்று எரிந்து அணைந்தது. தேரி கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

பிளாஷைக் கழற்றிப் பைக்குள் போட்டார்.

"நீங்க ஏன் டீச்சர் ஒண்ணுகூட எடுக்கல?"

"எனக்கு வேண்டிய வெளிச்சம் இன்னும் வரல."

வெள்ளிக்கிழமை வந்துவிட்டது. கடைசிச் சாயங்காலம். ரூபி அத்தையும் வந்து, மேட்டுக்குக் கீழே மணல் தொடங்குகிற இடத்தில் ஆட்டோவுக்குள் உட்கார்ந்திருந்தார்.

வானம் முழுக்க மேகம். சூரியன் முகம் காட்டாமலே இறங்கிப் போனது.

பின்னாலிருந்து குரல் வந்தது. "கிளம்பலாம் அண்ணாச்சி. இன்னைக்கு அவ்வளவுதான்."

அண்ணாச்சி அசையவில்லை. "ஒன் வேலையை எங்கிட்ட காட்டாதட்டி."

"சூரியன்தான் போயிருச்சே."

"போவட்டும். சூரியன் யாருக்கு வேணும்? எங்க வீட்டுக்காரி..."

பேச்சு பாதியில் நின்றது.

"சூரியன் போன பெறவுதான அவ சின்ன வயசுல தண்ணிக்குடத்தைத் தூக்கிட்டு வீட்டுக்கு வருவா," என்றார். எங்களிடம் இல்லை, கேமராவிடம்.

நின்றார்.

மேகத்துக்கு அடியில் ஒரு கீறல் விட்டது. வானம் சிவந்தது. மணல் அதை வாங்கிக்கொண்டது. மேலே எதுவும் படாமல், அடியிலிருந்து கங்கு கனிகிற மாதிரி தேரி சிவந்துகொண்டே வந்தது. நிழலே இல்லை. ஆனாலும் ஒவ்வொரு வரியும் தெரிந்தது.

"இப்போ!"

"இல்ல," என்றார் அண்ணாச்சி. கோபமே இல்லாமல். "இன்னும் கொஞ்சம்."

காற்று நின்றது. மணல்மேல் ஓடிக்கொண்டிருந்த புழுதி மெல்லப் படிந்தது.

யாரும் எதுவும் சொல்லவில்லை.

சடக்.

அண்ணாச்சி சறுக்கிக்கொண்டே கீழே ஓடினார். பின்னாலேயே நாங்களும். ஆட்டோவுக்குள் கேமராவை நீட்டினார்.

ரூபி அத்தை முந்தானையால் திரையைத் துடைத்துவிட்டுப் பார்த்தார். மறுபடியும் துடைத்தார். திரையில் அழுக்கு இல்லை.

"இந்தப் பனைக்கு அந்தப் பக்கம்தான் எங்க வீடு," என்றார்.

அப்புறம் மூக்கால் இழுத்து, "அந்த ஆட்டை எங்க காணோம்?" என்றார்.

அண்ணாச்சிக்கு வாய் காதுவரை போய்விட்டது. "ஏட்டி, இங்க வா. இத்தனை நாளா என்னைப் படுத்தின பாடு இருக்கே! டீச்சர் குரல்ல ஒருதரம் அத்தைக்கு 'இப்போ' சொல்லிக் காட்டு."

நான் வாயைத் திறந்தேன்.

காற்றுதான் வந்தது. சைக்கிள் ட்யூபில் ஓட்டை விழுந்த மாதிரி.

"தொண்டை கட்டிப்போச்சு," என்றார் சித்தி. "ஆட்டைக் கூப்பிட்டாளே, அன்னைக்கு ராத்திரியே போன குரல். இன்னும் வரல."

"அன்னைக்கேவா?"

"அன்னைக்கேதான்."

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். என் கையிலிருந்த பிளாஸ்க்கைப் பார்த்தார். ரொம்ப மெதுவாகச் சித்தி பக்கம் திரும்பினார்.

"அப்போ... சும்மா கெடன்னு நான் சொன்னது..."

சித்தி தலையாட்டினார்.

"குரங்குன்னு..."

ஆட்டோவே குலுங்கும்படி ரூபி அத்தை சிரித்தார்.

வானத்தில் மிச்சமிருந்த சிவப்பு முழுக்க அண்ணாச்சி முகத்தில் இருந்தது. சித்தி லென்ஸ் மூடியைக் கழற்றிக் கேமராவைத் தூக்கினார்.

"இப்போ," என்றார்.