லாரி அழும் படம்

திருச்சி தில்லைநகரில் ஹாஜிரா பானு என்றொரு பிசியோதெரபிஸ்ட் இருந்தார். வார நாட்களில் அவரிடம் தோள் பிடித்துக்கொண்டவர்களும் முழங்கால் பிடித்துக்கொண்டவர்களும் வருவார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் சினிமா பிடித்துக்கொண்டவர்கள் வருவார்கள்.

மாடியில் இருந்த சிகிச்சை அறையின் சுவரில் ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டி அதில் படம் போடுவார்கள். நாற்காலி போதாததால் பாதிப்பேர் உடற்பயிற்சிக்கு வைத்திருந்த பெரிய ரப்பர் பந்துகளின் மேல் உட்கார்ந்து பார்ப்பார்கள். சண்டைக் காட்சி வந்தால் கூட்டமே துள்ளும்.

அங்கே ஒரு வழக்கம் இருந்தது. ஒருவர் தனக்குப் பிடித்த படத்தைச் சிபாரிசு செய்வார். எல்லோரும் சேர்ந்து பார்ப்பார்கள். அடுத்த ஞாயிறு வேறொருவர் அதற்கு விமர்சனம் எழுதி வந்து வாசிப்பார். யார் எழுதுவது என்பதை ஹாஜிரா சொல்வார். அவர் சொன்னால் மறுபேச்சு கிடையாது. எல்லோரும் அவரைக் குரு என்றார்கள். கிண்டலாகத் தொடங்கிய பெயர்தான். நாளாக ஆகக் கிண்டல் உதிர்ந்துபோய்ப் பெயர் மட்டும் நின்றுவிட்டது.

சீடர்களில் மூத்தவர் பாக்கியநாதன். குருவைவிடவே பத்துப் பன்னிரண்டு வயது பெரியவர். விபத்தில் அடிபட்ட வண்டிகளைப் பார்த்து, இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சேதம் எவ்வளவு என்று எழுதித் தரும் சர்வேயர். தோள் இறுகிப்போய் வைத்தியத்துக்கு வந்தவர். தோள் சரியான பிறகும் வருவதை நிறுத்தவில்லை.

வண்டியைப் பார்க்கிற கண்ணால்தான் படத்தையும் பார்ப்பார். அவர் எழுதும் விமர்சனம் இப்படி இருக்கும்: ‘முன்பாதி பலத்த நசுங்கல். கதாநாயகி பாத்திரம் கழன்று தொங்குகிறது. இசை என்ற பெயரில் ஹாரன். கிளைமாக்ஸ் முற்றிலும் சேதம். பழுது பார்ப்பதைவிடக் காயலான் கடையில் போட்டால் லாபம்.’

கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கும். படத்தைச் சிபாரிசு செய்தவரும் சிரிப்பார், கொஞ்சம் தாமதமாக.

அப்படித்தான் கோமதிநாயகத்தின் முறை வந்தது. காந்தி மார்க்கெட்டில் வாழை இலை மொத்த வியாபாரம் செய்பவர். சங்கரன்கோவில் பக்கத்துக்காரர் என்பதால் எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. பேசாமல் வந்து, பேசாமல் படம் பார்த்து, பேசாமல் போகிறவர். முதன்முறையாக வாய் திறந்து ‘ஏழு இலை’ என்று ஒரு பழைய படத்தைச் சொன்னார். அதில் பிரிந்துபோன குடும்பம் ஒன்று கடைசியில் வரிசையாக உட்கார்ந்து சாப்பிடும். வெகுநேரம் சாப்பிடும்.

விமர்சனம் எழுதச் சொல்லி குரு பாக்கியநாதனைக் காட்டினார்.

பாக்கியநாதன் எழுதி வந்து வாசித்தார். ‘படம் முழுக்கச் சோறு. கதை மட்டும் ஊறுகாய் அளவு. இலைக்கடைக்காரர் இதைச் சிபாரிசு செய்தது சினிமாவின் மேல் உள்ள பிரியத்தால் அல்ல. வியாபாரம்.’

அன்று சிரித்த சிரிப்பில் ஒரு பந்து உருண்டுபோய், அதில் இருந்தவர் தரைக்கு வந்துவிட்டார். அண்ணாச்சி மட்டும் சிரிக்கவில்லை. சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்து போனார். அடுத்த ஞாயிறு அவர் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை.

பாக்கியநாதனுக்கு என்னவோ போலிருந்தது. எல்லோரும் போன பிறகு குருவிடம் போய் நின்றார்.

“மேடம், ஒரு சந்தேகம்.”

“சொல்லுங்க சார்.”

“நான் எழுதினதுல ஏதாவது பொய் இருந்துதா?”

“இல்ல.”

“அப்ப உண்மையைச் சொன்னது தப்பா?”

குரு ரப்பர் பந்துகளை ஒவ்வொன்றாகத் துடைத்து ஓரமாகத் தள்ளிக்கொண்டிருந்தார்.

“இத்தனை வருஷமா வர்றீங்க. நீங்க ஒரு படம்கூடச் சிபாரிசு பண்ணினதில்லையே?”

“நான் விமர்சகன் மேடம்.”

“வர்ற ஞாயிறு உங்க படம்,” என்றார் குரு.

இரண்டு நாள் யோசித்து, பாக்கியநாதன் போன் செய்தார். வெளிநாட்டுப் படம் ஒன்றைச் சொன்னார். பனிமூட்டத்தில் ஒருவர் நடந்துகொண்டே இருப்பார். வசனமே கிடையாது.

“உங்களுக்குப் பிடிச்ச படமா சார்?”

“ரொம்ப உயர்ந்த படம் மேடம்.”

“பிடிச்ச படமா?”

“அதுல ஒருத்தரும் ஒரு குறை சொல்ல முடியாது.”

“முழுசாப் பார்த்தீங்களா?”

பாக்கியநாதன் தொண்டையைக் கனைத்தார். “பாதிக்கு மேல கண்ணைத் திறந்து வச்சிருக்க முடியல.”

“சார், கையைத் தூக்குங்கன்னு சொன்னா இங்க வர்றவங்க எல்லாரும் முதல்ல நல்லா இருக்கிற கையைத்தான் தூக்கிக் காட்டுவாங்க,” என்றார் குரு. “வலிக்கிற கையைக் காட்டுங்க.”

பாக்கியநாதன் பக்கத்து அறையை எட்டிப் பார்த்தார். மனைவி டி.வி. பார்த்துக்கொண்டிருந்தாள். குரலைத் தாழ்த்தினார்.

“‘லாரித் தம்பி’ன்னு ஒரு படம் மேடம்.”

“என்ன கதை?”

“ஒரு டிரைவர். அவர் தன்னோட லாரியைக் கூடப்பிறந்த தம்பி மாதிரி வச்சிருப்பார். வில்லன் அவரைக் கொன்னுடுவான். அதுக்கப்புறம் லாரி பழிவாங்கும்.”

“லாரியேவா?”

“லாரியேதான்.”

“நல்லது. அதையே போட்டுடலாம். விமர்சனம் அண்ணாச்சி எழுதட்டும்.”

“அவர்தான் வர்றதில்லையே மேடம்!”

“போய்க் கூட்டிட்டு வாங்க.”

மறுநாள் காலை பாக்கியநாதன் மார்க்கெட்டுக்குப் போனார். கடையில் ஆள் உயரத்துக்கு இலைக்கட்டுகள் அடுக்கியிருந்தன. அவற்றுக்கு நடுவில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, அண்ணாச்சி பேப்பர் பொட்டலத்தைப் பிரித்து இட்லி தின்றுகொண்டிருந்தார்.

“வாங்க சார். எத்தனை கட்டு வேணும்?”

“இலைக்கு வரல அண்ணாச்சி. ஞாயித்துக்கிழமை என் படம் போடறாங்க. நீங்கதான் விமர்சனம் எழுதணும்னு குரு சொல்லிட்டாங்க.”

அண்ணாச்சி மெல்லுவதை நிறுத்தினார்.

“உங்க படத்துக்கா?”

“ஆமா.”

“நானா?”

“ஆமா.”

“என்ன படம்?”

பாக்கியநாதன் சொன்னார். கதையையும் கேட்டதால் கதையையும் சொன்னார். கேட்கக் கேட்க அண்ணாச்சியின் முகத்தில் ஒரு வெளிச்சம் பரவியது.

அண்ணாச்சி எழுந்து கையைக் கழுவினார். “வந்துருதேன் சார். கண்டிப்பா வந்துருதேன்.”

ஞாயிற்றுக்கிழமை படம் போடுவதற்கு முன்னால் பாக்கியநாதன் எழுந்து நின்றார்.

“ஒரே ஒரு வார்த்தை. எடுத்த காலத்தை மனசுல வச்சுக்கிட்டுப் பார்க்கணும். பிரிண்ட் சுமார்தான். முதல் அரைமணி கொஞ்சம் அப்படி இப்படி இருக்கும். வில்லனோட விக்கு ஒரு இடத்துல நழுவும், அதைக் கண்டுக்க வேணாம். நடுவுல ஒரு பாட்டு வரும். லாரிக்குத் தாலாட்டு. அது வந்து…”

“உட்காருங்க சார்,” என்றார் குரு.

மிச்சமிருந்தது ஒரு பந்துதான். அதன்மேல் உட்கார்ந்தார். இத்தனை வருடத்தில் அன்றுதான் அவர் திரையைப் பார்க்கவில்லை. முகங்களைப் பார்த்தார். ஒருவர் கொட்டாவி விட்டார். இன்னொருவர் போனை எடுத்துப் பார்த்தார். ஒவ்வொன்றும் தன் மேல் வந்து மோதுவது போலிருந்தது.

தாலாட்டில் லாரி ஹெட்லைட்டை மெல்ல மூடித் திறந்தபோது முதல் சிரிப்பு கேட்டது. விக்கு நழுவியபோது கைதட்டினார்கள். பிறகு அந்த இடம் வந்தது. டிரைவரைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். ஊரெல்லாம் வெயில். லாரிமேல் மட்டும் மழை பெய்கிறது. ஆளில்லாத லாரியில் வைப்பர் தானாக அசைந்து கண்ணாடியைத் துடைக்கிறது.

அறை வெடித்தது. பந்துகள் துள்ளின. ஒருவர் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அந்த நேரம் பார்த்து, ரிட்டயர்டு தாசில்தார் ஒருவர் எழுந்து கழிப்பறைப் பக்கம் நடந்தார்.

“இப்பப் போகாதீங்க சார்! இதுதான் முக்கியமான இடம்!” என்று கத்திவிட்டார் பாக்கியநாதன்.

“எனக்கும் இது முக்கியம்தான் சார்,” என்று சொல்லிவிட்டு அவர் போனார்.

பாக்கியநாதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண்ணாடியில் ஒன்றும் இல்லை.

அந்த வாரம் முழுக்க அவர் பரீட்சை எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருக்கும் பையன் மாதிரி இருந்தார். சாப்பாடு இறங்கவில்லை. ஸ்கூட்டர் ஒன்றைப் பார்க்கப் போனவர், அதற்கு ஆறு சக்கரம் என்று எழுதிவிட்டு வந்தார். “உடம்புக்கு முடியலையா?” என்று மனைவி ஸ்டெல்லா நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். “ஒண்ணுமில்ல. ஒரு விமர்சனம் வரணும்,” என்றார்.

ஞாயிறு வந்தது. அண்ணாச்சி இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தார். மடித்த தாளைப் பிரித்து, நிறுத்தி நிதானமாக வாசித்தார்.

“‘லாரித் தம்பி. லாரிக்குத் தாலாட்டு பாடுகிறார்கள். நான் தூங்கிவிட்டேன். லாரி தூங்கவில்லை. அது அழுதது. வைப்பரால் கண்ணைத் துடைத்துக்கொண்டது. மூக்கைச் சிந்த வழியில்லாமல் ரேடியேட்டர் வழியாக ஆவி விட்டது. டிரைவர் இல்லாமல் லாரி ஓடுகிறது, டைரக்டர் இல்லாமல் கதை ஓடுகிறது. சர்வேயர் இதைச் சிபாரிசு செய்தது சினிமாவின் மேல் உள்ள பிரியத்தால் அல்ல. கிளைமாக்ஸில் இத்தனை வண்டி உடைகிறதே, அத்தனைக்கும் சர்வே பார்க்கப் போகலாம் என்கிற ஆசை.’”

தாசில்தார் கண்ணில் நீர் வரச் சிரித்தார். பாக்கியநாதனும் சிரித்தார், கொஞ்சம் தாமதமாக.

பிறகு அவர் எழுந்தார். பதிலுக்கு நாலு வார்த்தை வெடுக்கென்று கேட்க வேண்டும் என்றுதான் எழுந்தார். வாயில் வந்தது வேறு.

“அண்ணாச்சி சொன்னது அத்தனையும் சரிதான். ஒரு வார்த்தை தப்பில்ல. ஆனா…”

எல்லோரும் பார்த்தார்கள்.

“நான் வேலைக்குச் சேர்ந்த புதுசு. விராலிமலை தாண்டி ஒரு லாரி புளியமரத்துல மோதிக் கிடந்தது. டிரைவருக்கு ஒரு கீறல்கூட இல்ல. நான் எல்லாத்தையும் அளந்து பார்த்தேன், தேறாதுன்னு சொன்னேன். அந்த மனுஷன் பானட்டு மேல கையை வச்சுக்கிட்டே நின்னார். ‘சார், அதுக்கு வலிச்சிருக்குமா சார்?’னு கேட்டார். சரி, பார்க்கலாம்னு எதையோ சொல்லிட்டு வந்துட்டேன். அன்னிக்குச் சாயங்காலம் புதுக்கோட்டையில பஸ் கிடைக்கல. எதிர்ல ஒரு தியேட்டர். என்ன படம்னுகூடப் பார்க்காம உள்ள போய் உட்கார்ந்தேன்.”

உட்கார்ந்தார். பந்து புஸ்ஸென்றது. அதற்கும் யாரும் சிரிக்கவில்லை.

அண்ணாச்சி கையிலிருந்த தாளை நாலாக மடித்தார்.

“இதை முதல்லயே சொல்லியிருக்கலாம்லா சார்?”

“சொல்லியிருந்தா நீங்க சிரிச்சிருக்க மாட்டீங்களா?”

அண்ணாச்சி நேர்மையாக யோசித்தார்.

“சிரிச்சிருப்பேன். லாரி மூக்குச் சிந்தினா எவன் சிரிக்காம இருப்பான்? ஆனா லாரியைப் பார்த்து மட்டும்தான் சிரிச்சிருப்பேன்.”

கூட்டம் கலைந்தது. பாக்கியநாதன் எழுந்திருக்கவில்லை. குரு சுவரிலிருந்த வேட்டியை அவிழ்த்து மடிக்கத் தொடங்கினார். ஒரு முனையைப் பாக்கியநாதன் பிடித்துக்கொண்டார்.

“ஏன் இந்தப் படம்னு ஒருத்தர்கூட என்னைக் கேக்கலையே மேடம்,” என்றார்.

“விபத்து நடந்த இடத்துக்கு நீங்க போறீங்க சார். வண்டி கிடக்குது. வண்டிக்காரர் பக்கத்துல நிக்கிறார். முதல்ல என்ன பண்ணுவீங்க?”

“அவர்கிட்டப் பேசுவேன்.”

“என்ன பேசுவீங்க?”

“எங்கேயிருந்து வந்தீங்க, எங்க போய்க்கிட்டிருந்தீங்கன்னு கேப்பேன்.”

“வண்டியைப் பார்க்கறதுக்கு முன்னாடியேவா?”

“முன்னாடியேதான். அது தெரியாம வண்டியைப் பார்த்து என்ன மேடம் பிரயோஜனம்?”

சொன்ன பிறகுதான் ‘ஏழு இலை’ ஞாபகம் வந்தது. வேட்டியின் முனை அவர் கையிலிருந்து நழுவியது.

குரு ஜன்னல் வழியாகக் கீழே எட்டிப் பார்த்தார்.

“அண்ணாச்சி இன்னும் போகல சார். வாசல்ல செருப்பைத் தேடிட்டிருக்கார்.”