மேனேஜர் பங்கு

"வாங்கும்போது பல்லைக் காட்டுறீங்க, கட்டும்போது ஆளுக்கொரு மூலையில ஒளியுறீங்க!"

மகளிர் குழுக் கடன் மேனேஜர் தனசேகர்தான் கத்தினார். கடனில் வாங்கிய தையல் மெஷினால்தான் பிலோமினா வீட்டில் மூன்று வேளையும் அடுப்பு எரிந்தது. புருஷன் ஆஸ்பத்திரியில் கிடந்ததால் தவணை நின்றுவிட்டது. குழுவினர் இப்போதே அதைக் கட்ட வேண்டுமாம்; இல்லையென்றால் மெஷினைத் தூக்கிவிடுவாராம்.

கூட்டத்தில் வாயே திறக்காத இட்லிக்கடை அஞ்சுகம் எழுந்தாள்.

"சார், வாராவாரம் முன்னால நின்னு உறுதிமொழி சொல்றது நீங்கதானே? 'நாம ஒரே குடும்பம், ஒருத்தருக்கு முடியலேன்னா எல்லாரும் சேர்ந்து கட்டுவோம்'னு?"

"ஆமா, அதுக்கென்ன?"

"நாங்க எங்க பங்கைப் போட்டுடுறோம். குடும்பத்துல மாசச் சம்பளக்காரர் நீங்க ஒருத்தர்தான். உங்க பங்கையும் வைங்க."

பெண்கள் சிரித்த சிரிப்பு தாங்காமல் தனசேகர் பர்ஸைத் திறந்தார்.

அஞ்சுகம் பிலோமினா வீட்டுக்கு ஓடினாள். இந்த வாய் போன வாரம் எங்கே போயிருந்தது? மேனேஜர் சொன்னாரென்று குழுவே அந்த வாசலில் உட்கார்ந்து, தெருவே கேட்க அவளைத் திட்டியதே! அஞ்சுகமும்தான் உட்கார்ந்திருந்தாள்.

உள்ளே மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. வாசலில் அஞ்சுகம் கூப்பிட்ட குரல் கேட்டதும் நின்றது; கதவு திறக்கவில்லை.

"மெஷினை இனி யாரும் தொட மாட்டாங்க அக்கா. கதவைத் திற அக்கா."