தங்கப்பழம் காய்ச்சுன செவப்புச் சவுக்காரம்

ஆத்துக்கு இந்தப் பக்கம் ஒரு ஊர்ல ஒரு அக்கா. அந்தப் பக்கம் ஒரு ஊர்ல ஒரு தங்கச்சி. நடுவுல ஆறு, முழங்கால் அளவுதான் தண்ணி. சேலையைக் கொஞ்சம் தூக்கிச் சொருகிக்கிட்டா சளப் சளப்னு நடந்தே போயிடலாம். ஆனா ஒரு வருஷமா ரெண்டு பேரும் அந்த ஆத்தைத் தாண்டல. கேக்குறியா கண்ணு?

"ம்."

காலை நீட்டிக்கோ. அக்கா பேரு தங்கப்பழம். தங்கச்சி பேரு வடிவு. தங்கப்பழத்துக்கு வேலை என்னன்னா, சவுக்காரம் காய்ச்சுறது. சவுக்காரம்னா சோப்புதான், அந்தக் காலத்துப் பேரு. தேங்காயெண்ணெயைச் சூடு பண்ணி, அதுல சோடாக்காரம் கரைச்ச காரத்தண்ணியை நூல் மாதிரி ஊத்தி, அகப்பையால கிண்டிக்கிட்டே இருப்பா. களக் களக், களக் களக். அப்புறம் அது கூழ் மாதிரி இறுகி வரும். அப்போ தேங்காய்ச் சிரட்டையில ஊத்தி ஆற வெப்பா. ஆறினதும் குப்புறக் கவுத்து ஒரு தட்டு, டொக். வெள்ளை வெளேர்னு வட்டமா ஒரு சவுக்காரம் விழும்.

சண்டை எதுக்குன்னு கேளேன்.

"எதுக்கு?"

ஒரு சேலைக்கு. அவங்க அம்மா, இவங்க சின்னப் பிள்ளைங்களா இருக்கும்போதே காய்ச்சல்ல போயிட்டா. தங்கப்பழம் அப்போ உன் அளவு இருப்பா. வடிவு ரொம்பப் பொடிசு. வளந்து பெரியவங்களானதுக்கு அப்புறம், வருஷா வருஷம் ஆடி மாசத்துல அம்மாவுக்குக் கடையில அமைஞ்ச நிறத்துல ஒரு புதுச் சேலை எடுத்து, விளக்கேத்தி, அதை முன்னால வெச்சுக் கும்பிடுவாங்க. போன வருஷம் ஒருத்திக்குத் தெரியாம ஒருத்தி சேலை எடுத்துட்டு வந்துட்டா. அக்கா எடுத்தது மஞ்சள். தங்கச்சி எடுத்தது செவப்பு.

"அம்மா கட்டியிருந்தது மஞ்சச் சேலைட்டி," அப்படின்னா தங்கப்பழம்.

"செவப்புக்கா. என் கண்ணுக்குள்ளயே நிக்கி."

"உனக்கு அப்போ மூக்கு ஒழுகுறதைத் தொடைக்கக்கூடத் தெரியாது. நீ நிறத்தைக் கண்டியாக்கும்."

"உனக்கு அம்மா முகம் எப்படி இருக்கும்னு சொல்லு பாப்போம். தெரியாதுல்லா? பெறகு எதுக்கு இந்தப் பேச்சு?"

அந்த ஒரு வார்த்தைதான். தங்கப்பழம் மஞ்சச் சேலையை எடுத்துக்கிட்டு உள்ள போயிட்டா. ஏன்னா ரெண்டு பேருக்குமே அம்மா முகம் ஞாபகம் இல்ல. அதை அவங்க வெளியில சொல்லிக்கிறதும் இல்ல. அக்காவுக்கு ஞாபகம் இருந்ததெல்லாம் இவ்வளவுதான்: வாசல்ல நின்னு பாக்குறா, அம்மா முதுகைக் காட்டிக்கிட்டுப் போறா, மஞ்சச் சேலை. தங்கச்சிக்கு ஞாபகம் இருந்ததும் இவ்வளவுதான்: வெயிலு, ஆத்துத் தண்ணி, கண்ணுக்கு நேரா செவப்பா ஒரு மடி.

ஆளுக்கு ஒரு துண்டு அம்மா. அவ சொல்றது நெசம்னா இவகிட்ட இருக்கிறது அம்மாவே இல்லைன்னு ஆயிடும். வேற யாரோ ஒருத்தி முதுகு, யாரோ ஒருத்தி மடி. அதனாலதான் விட்டுக்குடுக்க முடியல. வடிவு செவப்புச் சேலையைச் சுருட்டிக் கக்கத்துல வெச்சுக்கிட்டுப் போனவதான், அப்புறம் வரவே இல்ல.

"ம்."

அப்புறம் மறுபடியும் ஆடி வரப் போவுது. தங்கப்பழத்துக்கு ராப்பகலா அதே யோசனை. கடைசியில, போகட்டும், தங்கச்சி இல்லாம அம்மாவைக் கும்பிடுறதுக்கு நான் தோத்ததாவே இருந்துட்டுப் போறேன்னு முடிவு பண்ணினா. ஆனா வாயால சொல்ல வரல. கையாலதான் வரும் அவளுக்கு. செவப்பா ஒரு சவுக்காரம் காய்ச்சிக் கொண்டு போய்க் குடுத்தா, சொல்லாமலே வடிவுக்குப் புரிஞ்சிடும்.

அப்போ முதல்ல செம்பருத்திப் பூவைப் பறிச்சா. காய வெச்சு இடிச்சா, டொங்கு டொங்குன்னு. தண்ணியில போட்டா என்னா செவப்பு. காரம் பட்டுச்சு பாரு, அவ்வளவுதான். பச்சையாகி, பழுப்பாகி, சாக்கடைத் தண்ணி மாதிரி நின்னுச்சு.

அப்புறம் பீட்ரூட்டைத் துருவிப் பிழிஞ்சு ஊத்தினா. கையெல்லாம் ரத்தச் செவப்பு. கிண்டினா, களக் களக், களக் களக். சவுக்காரம் மட்டும் மண் நிறத்துல உக்காந்துக்கிச்சு. சரின்னு சிரட்டையில ஊத்திப் பரண்ல காய வெச்சா. அங்கதான் ஒரு கூத்து. அந்த ஊர்ல கருப்பட்டியையும் சிரட்டையிலதான் ஊத்துவாங்க. அதே வட்டம், அதே நிறம். தங்கப்பழம் வீட்டுக்காரர் மூக்கையா காப்பித் தண்ணியைக் கையில வெச்சுக்கிட்டு வந்தார், பரணைத் தடவினார், ஒண்ணை எடுத்தார், நறுக்குன்னு ஒரு கடி.

த்தூ. த்தூ. த்தூ.

"ஏளா," அப்படின்னார், வாயில ஒரு குமிழி. "என்னளா இது," இன்னொரு குமிழி. கோவமாப் பேசப் பேச குமிழி குமிழியா வந்து கூரையைத் தொடுது. தெருப் பிள்ளைங்க எல்லாம் வாசல்ல கூடி, "மாமா, இன்னும் கொஞ்சம் ஏசுங்க," அப்படின்னுதுங்களாம்.

சிரிக்காதே, தூக்கம் போயிடும்.

மூணாவதா வேம்பாளம்பட்டை. தலைக்குத் தேய்க்கிற எண்ணெயில போடுவாங்களே, எண்ணெய் குங்குமம் மாதிரி ஆகும். இது தப்பாதுன்னு நெனைச்சா. காரம் சேர்ந்துச்சோ இல்லையோ, செவப்பு ஓடியே போச்சு. ஊதா நிறத்துல பளபளன்னு இருந்துச்சு.

மூக்கையா தள்ளியே நின்னு எட்டிப் பாத்தார். "கத்திரிக்காயா? நல்லவேளை, எனக்கு இன்னைக்கு விரதம்."

தங்கப்பழம் சிரிக்கல. அடுப்பு முன்னால அப்படியே உக்காந்துட்டா. அவளுக்கு அப்போ தோணிச்சு, செவப்பே வர மாட்டேங்குதே, அப்போ அம்மா மஞ்சள்தான் போல. வடிவுக்கு ஒண்ணும் அமையல. எனக்காவது ஒண்ணு காய்ச்சி வெச்சுக்குறேன், என் அம்மா நிறத்துல. எந்திரிச்சா, புதுசா எண்ணெய் வெச்சுக் காரம் ஊத்திக் கிண்டினா. மஞ்சள் பொடியை ஒரு பிடி அள்ளினா. கொழகொழன்னு இருந்த கூழ்ல தூவினா.

"மஞ்சளாச்சா?"

இல்லையே. விழுந்த எடமெல்லாம் செவப்பு. கிண்டக் கிண்டச் செவப்பு. ஆரத்தித் தட்டுல மஞ்சளும் சுண்ணாம்பும் சேரும்போது வருமே, அதே செவப்பு. அகப்பை கையிலேருந்து நழுவிப் போச்சு, தொபுக்.

மஞ்சக் கறையில சவுக்காரம் பட்டா செவக்கும்னு ஊர்ல எல்லாருக்கும் தெரியும். தங்கப்பழத்துக்கும் தெரியும். ஆனா கறை வேற, அம்மா வேற. ரெண்டையும் ஒண்ணா வெச்சு யாரு நெனைப்பா? இப்போதான் சேர்த்து நெனைச்சா: அம்மா, காய்ச்சல்ல போன அந்த வருஷத்து ஆடியில அம்மனுக்கு நேந்துக்கிட்டு வெள்ளைச் சேலையை மஞ்சத் தண்ணியில முக்கிக் கட்டியிருந்திருக்கா. அதைக் கட்டிக்கிட்டுத்தான் ஆத்துக்குத் துவைக்கப் போயிருக்கா.

"ம்."

அப்புறம் அந்தச் சவுக்காரத்தைக் காய வெச்சா. சவுக்காரம் உடனே தேய்க்கக் கூடாது, காரம் அடங்கணும். ஆனா அது காயக் காய என்ன பண்ணுச்சு தெரியுமா? செவப்பு கொஞ்சம் கொஞ்சமா எறங்கி, எறங்கி, ஆடி பொறக்கிறதுக்குள்ள பழுத்த எலுமிச்சம்பழ நிறத்துக்கு வந்துருச்சு.

"செவப்பு கொண்டு போறேன்னியே," அப்படின்னார் மூக்கையா. "இதைக் கொண்டு போனா அந்தப் பிள்ளை உன்னை ஆத்துலயே தள்ளும்."

"தள்ளினா நனைஞ்சுட்டு வாரேன்," அப்படின்னு சேலையைத் தூக்கிச் சொருகிக்கிட்டா.

சளப் சளப், சளப் சளப். ஆத்தைத் தாண்டினா. வடிவு அந்தக் கரையில மஞ்சள் தேய்ச்சுக் குளிச்சுட்டு, தலையில துண்டோட நிக்கிறா. அக்காவைப் பாத்ததும் மூஞ்சி மலர்ந்துச்சு. அப்புறம் கையில இருந்ததைப் பாத்தா. மலர்ந்தது வாடிப் போச்சு.

"இதைச் சொல்லத்தான் ஆறு தாண்டி வந்தியாக்கா? மஞ்சள்னு?"

"முந்தானையைக் குடுட்டி."

"எதுக்கு?"

"குடுன்னா குடேன்."

கழுத்து மஞ்சள் ஒட்டின முந்தானையை இழுத்து, தண்ணியில நனைச்சு, சவுக்காரத்தைத் தேய்ச்சா. சரக் சரக். தேய்ச்ச எடம் செவந்துச்சு. வடிவு பாக்குறா. பாத்துக்கிட்டே இருக்கா. மெதுவா அப்படியே படியில உக்காந்துட்டா.

"அப்போ நான் பாத்தது..."

"அம்மாதான்."

"நீ பாத்தது?"

"அதுவும் அம்மாதான். ஒரே சேலை, ஒரே நாளு. வீட்டுலேருந்து போகும்போது நான் பாத்தேன். ஆத்துல வெச்சு நீ பாத்திருக்க."

வடிவு அந்தச் செவந்த எடத்தைத் தடவிப் பாத்தா. அப்புறம் கேட்டா, "யக்கா, நான் எப்படி ஆத்துக்குப் போனேன்? எனக்கு அப்போ அவ்வளவு தூரம் நடக்கத் தெரியுமா?"

தங்கப்பழம் கண்ணை மூடினா. வாசல்ல நிக்கிற அந்தத் துண்டை மறுபடியும் பாத்தா. மஞ்ச முதுகு. ஒரு பக்கமாச் சாஞ்ச நடை. இத்தனை வருஷமா நெனைச்சும், அது ஏன் சாஞ்சிருக்குன்னு அவ நெனைச்சதே இல்ல.

"இடுப்புல நீ இருந்தட்டி. உன்னைத் தூக்கிட்டுத்தான் போனா."

வடிவு முந்தானையால மூஞ்சியை மூடிக்கிட்டா. கண்ணுத் தண்ணியிலேருந்து மூக்குத் தண்ணி வரைக்கும் எல்லாத்தையும் தொடைச்சுக்கிட்டு, அப்புறம் சொன்னா, "அம்மா மடியில போட்டு எதையோ கசக்கிட்டு இருந்தாக்கா. நுரை பொங்கப் பொங்க. அதுலதான் மடி செவந்திருக்கு. சின்னதா, கரை வெச்சு... ஒரு பாவாடை."

"உன்னோடதா இருக்கும்."

"நான் அப்போ எங்கக்கா பாவாடை கட்டினேன்? அரைஞாண்கயிறோடல்லா திரிஞ்சிருப்பேன்."

தங்கப்பழம் கையில இருந்த சவுக்காரம் நழுவித் தண்ணிக்குள்ள போச்சு, அவ அதை எடுக்கக்கூட இல்ல. வாசல்ல நின்ன தன்னை அம்மா விட்டுட்டுப் போனாள்னுதான் இத்தனை வருஷமும் நெனைச்சுக்கிட்டு இருந்தா. அம்மா அவ பாவாடையைத்தான் துவைச்சுக்கிட்டு இருந்திருக்கா.

அக்காவும் தங்கச்சியும் தோளோட தோள் ஒட்டி உக்காந்திருந்தாங்க. வெயில் எறங்குற வரைக்கும் இவ ஒண்ணு சொல்றா, அவ ஒண்ணு சொல்றா. அந்தப் பேச்சுக்குள்ள, வாசல்லேருந்து ஆத்தங்கரை வரைக்கும் அம்மா நடந்து வந்துட்டே இருந்தா.

கண்ணு?

"..."

சரி. நுரை அடங்கிச்சு, கதையும் கரைஞ்சு போச்சு. நீ தூங்கு.