கிளி மரமும் பூவாத்தா அரைத்த மிளகாய்ச் சாந்தும்

முன்னொரு காலத்தில், மேகங்கள் ஆட்டு மந்தை போல மலையில் இறங்கி மேய்ந்துவிட்டுப் போன காலத்தில், செம்மண்கோட்டை என்றொரு நாடு இருந்தது. அந்த நாட்டின் ஓரத்தில் பூவாத்தா என்ற பெண்ணும் அவள் புருஷன் சடையாண்டியும் மிளகாய் பயிரிட்டுப் பிழைத்தார்கள். ஒரு நாள் சடையாண்டி தேன் எடுக்கப் பனிமலைக்குப் போனான். போனவன் திரும்பவில்லை.

பனிமலை உச்சியில் ஊதாமுடியன் என்ற மந்திரவாதி இருந்தான். அவன் வாசலில் ஒரு பட்ட மரம். அதில் ஓர் இலை கிடையாது. அதற்கு அவன் என்ன செய்தான் தெரியுமா? மலைக்கு வந்த மனிதர்களையெல்லாம் பச்சைக்கிளியாக்கிக் கிளைகளில் உட்கார வைத்தான். தூரத்திலிருந்து பார்த்தால் மரம் தழைத்து நிற்கும். காற்றடித்தால் இலைகள் கண் சிமிட்டும்.

ஊர்க்காரர்கள் பூவாத்தாவுக்குத் துணையாக மலை ஏறினார்களா? ஏறவில்லை. "உப்பு விரதம் இரு. நாக்கில் ஒரு கல் உப்புப் பட்டாலும் உன் புருஷன் வரவே மாட்டான்" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். அவர்கள் பெயரை இந்தக் கதையில் நான் சொல்லப் போவதில்லை. கதையில் வருகிற யோக்கியதை அவர்களுக்கு இல்லை.

பூவாத்தா உப்பை விட்டாள். மிளகாய் மூட்டையையும் சமையல் சாமான் கூடையையும் தலையில் வைத்துக்கொண்டு தனியாக மலை ஏறினாள்.

"சாமி, என் வீட்டுக்காரரைக் கொடுத்துடுங்க."

ஊதாமுடியன் கொட்டாவி விட்டான். "கொடுக்கிறேன். பாலும் பனியும் குடிச்சுக் குடிச்சு என் நாக்கு தூங்கிப்போச்சு. அதை எழுப்புற மாதிரி ஏதாவது செஞ்சு போடு. மூணு தடவை பார்ப்பேன். எழும்பலைன்னா நீயும் அந்தக் கிளையில ஓர் இலை."

அவன் உள்ளே போனதும் ஒரு கிளி பறந்து வந்து அவள் தோளில் உட்கார்ந்தது.

"பூவு, நான்தான்."

"நீங்களா? ஐயோ, மூக்கு எப்படி வளைஞ்சு கிடக்கு!"

"மூக்கை விடு. இவன் பொய்யன், கொடுக்க மாட்டான். தினமும் அந்தி சாயும்போது ஒரு மந்திரம் சொல்றான். ஒரு நாள் அது தவறினா நாங்க எல்லாரும் மனுஷங்க."

"அப்ப அவன் நாக்கைப் பொசுக்கிடுறேன்" என்றாள் பூவாத்தா.

கை நிறைய மிளகாயை அள்ளி, தண்ணீர் தெளித்து அரைத்து வைத்தாள். ஊதாமுடியன் நுனிநாக்கால் தொட்டான். தூவென்று துப்பினான். பாலில் வாய் கொப்பளித்தான், மந்திரத்தைச் சொன்னான். பனி இறங்கியது, கிளை அசைந்தது, பொழுது சாய்ந்தது. கிளி கிளியாகவே இருந்தது.

மறுநாள் ஊசிமிளகாயும் மிளகும் சேர்த்து அரைத்தாள். நெடி ஏறியதுமே ஊதாமுடியன் தும்மிக்கொண்டு ஜன்னலைச் சாத்தினான். உள்ளே இருந்தபடியே மந்திரத்தைச் சொன்னான். பனி இறங்கியது, கிளை அசைந்தது, பொழுது சாய்ந்தது. கிளி கிளியாகவே இருந்தது.

விடிந்ததும் பூவாத்தா அம்மி பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். கிளி சாவகாசமாக ஒரு மிளகாயைக் கொறித்தது.

"உங்களுக்கு உறைக்கலையா?"

"கிளிக்கு ஏது காரம்? பழுத்திருக்கா இல்லையான்னு மட்டும்தான் தெரியுது. நீ அரைச்சதுல பாதி செங்காய். நீ ருசி பார்க்கலையா?"

"உப்பில்லாததை என்னன்னு ருசி பார்க்கிறது? விரதமாச்சே. அதான் உப்பே போடலை."

"அடிப்பாவி! நாக்கைக் கட்டிப்போட்டுட்டா சாந்து அரைக்கிறே?"

"உப்பைத் தொட்டா நீங்க வரவே மாட்டீங்கன்னு ஊர்ல சொன்னாங்க."

"வராமலா உன் தோள்ல உட்கார்ந்திருக்கேன்?"

பூவாத்தா ஒரு கல் உப்பை நாக்கில் வைத்தாள். வானம் இடிந்து விழவில்லை. கண்ணை மூடினாள். எங்கேயோ இருந்த கடல் வாய்க்குள் வந்து அலையடித்துவிட்டுப் போனது.

பிறகு கிளி ஒவ்வொன்றாக அலகால் தொட்டுப் பழுத்த மிளகாயை மட்டும் பொறுக்கிப் போட்டது. அவள் கல்லுப்பும் பூண்டும் புளியும் வைத்துக் கொரகொரப்பாக அரைத்தாள். ஜாடியில் போட்டு, வாயை வெள்ளைத் துணியால் கட்டி, வெயிலில் வைத்தாள்.

"இன்னும் ஆகலையா?" என்று ஊதாமுடியன் தினமும் கேட்டான்.

"பதம் வரட்டும், சாமி."

ஜாடி முதலில் முணுமுணுத்தது. பிறகு நுரைத்தது. பிறகு பெருமூச்சு விட்டது. அந்தப் புளித்த வாசத்துக்கு மேகங்கள் கீழே இறங்கி வந்து ஜாடியைச் சுற்றிப் படுத்துக்கொண்டன. பூவாத்தா கொஞ்சம் எடுத்துப் புறங்கையில் வைத்து நக்கிப் பார்த்தாள். காரம் முந்திக்கொண்டு ஓடியது. வெல்லம் நசுக்கிப் போட்டாள், நல்லெண்ணெய் காய்ச்சி ஊற்றினாள், மறுபடி நக்கினாள். இப்போது முதலில் புளிப்பு வந்தது. அதன் பின்னால் உப்பு, துளி இனிப்பு. கடைசியாகக் காரம் மெல்ல நடந்து வந்து காதோரம் விளக்கேற்றியது. அவள் விரல் தானாகவே மறுபடி ஜாடிக்குள் போனது.

"இதுதான்" என்றாள்.

அந்தியில் சுடுசோறு வைத்து, ஓரத்தில் சாந்து வைத்தாள். ஊதாமுடியன் பயந்துகொண்டே தொட்டு நக்கினான். மறுபடி தொட்டான். கண்ணில் நீர் கொட்டியது, மூக்கு ஒழுகியது, கை நிற்கவில்லை.

"மந்திரம் சொல்லலையா, சாமி?"

"இதோ… ஸ்ஸ்… ஆ… இன்னும் கொஞ்சம் வை. ஒரே ஒரு வாய்."

பனி இறங்கியது, கிளை அசைந்தது, பொழுது சாய்ந்தது.

மரத்திலிருந்து தொப்புத் தொப்பென்று ஆட்கள் விழுந்தார்கள். சடையாண்டி அப்போதுதான் ஒரு மிளகாயைக் கடித்திருந்தான். அலகு உதடாக மாறியதும் மலையே அதிரக் கத்தினான்: "ஐயோ, காரம்! தண்ணி, தண்ணி!"

"கத்துங்க, இன்னும் நல்லாக் கத்துங்க!" என்று பூவாத்தா அவனைக் கட்டிக்கொண்டு சிரித்தாள், அழுதாள்.

அத்தனை பேருக்கும் பசி. அவள் உலை வைத்துச் சோறு வடித்து, ஆளுக்கொரு விரல் சாந்து வைத்தாள். வரிசையின் கடைசியில் ஊதாமுடியன் தட்டோடு நின்றான். மந்திரம் அடியோடு மறந்துபோயிருந்தது.

"இவனுக்குமா?" என்றான் சடையாண்டி.

"பசின்னு நிக்கிறானே" என்று பூவாத்தா அவனுக்கும் ஒரு விரல் வைத்தாள்.

நானாக இருந்தால் வைத்திருக்க மாட்டேன். அவள் வைத்தாள்.

ஜாடி காலி, கதையும் காலி. காரம் தின்ற வாய்க்கெல்லாம் மோர் கிடைக்கட்டும்!