மணல்ல இருக்கிறவளுக்கு எதுக்குக் கம்பளி?

தண்ணி இருக்கிற ஊரைத் தாண்டி, மரம் இருக்கிற ஊரைத் தாண்டி, நெழல் இருக்கிற ஊரையும் தாண்டிப் போனா ஒரு மணக்காடு. அதோட ஓரத்துல ஒரு ராசா இருந்தான். கோட்டைய விட்டு எறங்கி ஒரு நாளும் மணல்ல கால் வச்சது கெடையாது. அவன் மந்திரியும் வச்சது கெடையாது. அதிகாரம் பண்ண மட்டும் ரெண்டு பேருக்கும் நல்லாத் தெரியும்.

அந்த மந்திரிக்கு மாளிகைத் தரை காலை உறுத்துச்சாம். பாவம், பூங்காலு! மணக்காட்டுல கூடாரம் போட்டு ஆடு மேய்க்கிற சனங்ககிட்ட கம்பளி இருக்குன்னு கேள்விப்பட்டு, ஆளை அனுப்பி, ஒண்ணு விடாமப் புடுங்கியாந்து, தரை பூரா விரிச்சு அது மேல நடந்தான். மனுசன் போர்த்துறத மிதிக்கலாமா? அவன் மிதிச்சான்.

அந்தச் சனத்துல பூவாத்தான்னு ஒருத்தி. பால் மறந்த பொட்டப்புள்ளையப் புருசன் கருத்தான்கிட்ட குடுத்துட்டு, நேரா அரமனைக்கு வந்தா.

"மகாராசா, எங்க கம்பளியத் திருப்பிக் குடுங்க. எம்புள்ள குளுர்ல வெறச்சுச் செத்துரும்."

மந்திரி கேட்டான், "ஏ பொம்பள, உங்க மணல் சுடுமா, சுடாதா?"

"சுடும் சாமி. சோளத்தப் போட்டா பொரியும்."

"பொறவு எதுக்குக் கம்பளி?"

"பொழுது சாஞ்சா குளுரும் சாமி. குடத்துத் தண்ணி கல்லாட்டம் ஆயிரும்."

ராசாவுக்குக் கோவம் வந்துருச்சு. "சுடுதுங்கிறா, அதே மணல் குளுருதுங்கிறா. ரெண்டு பேச்சுப் பேசுறாளே! இவ நாக்கை அறுங்க!"

நீங்களே சொல்லுங்க, அவ பொய்யா சொன்னா? தான் பாக்காததெல்லாம் பொய்யின்னு நெனைக்கிறவன்கிட்ட என்னத்தச் சொல்ல?

பூவாத்தா அசரல. "அறுங்க ராசா. அதுக்கு முந்தி யாராச்சும் ஒரு பகலும் ஒரு ராவும் அங்க இருந்து பாத்துட்டு வரட்டும்."

"நானே போறேன்"ன்னு மந்திரி சிரிச்சான். பூவாத்தாவ அடைச்சு வச்சாங்க. அவன் வெயிலுக்குத் தோதா ஒரு மெல்லுசு மல்லுத்துணியக் கட்டிக்கிட்டு ஒட்டகத்துல போனான். நாளைக்கு வந்து கூட்டிக்கிறேன்னு எறக்கிவிட்டுட்டு ஒட்டகக்காரன் திரும்பிட்டான்.

உச்சி வெயில்ல காலு கொப்புளிச்சுப் போச்சு. 'சுடுது, நாந்தான் செயிச்சேன்'னு அவனுக்குச் சந்தோசம். பொறவு பொழுது சாஞ்சுது. மணலுக்கு எதையும் சேத்து வச்சுக்கத் தெரியாது, வாங்கின சூட்டையெல்லாம் அந்தியிலயே வானத்துக்கு விட்டுரும். அதைத் தடுக்க மேல ஒரு துண்டு மேகமும் கெடையாது. கொஞ்ச நேரத்துல மந்திரிக்குப் பல்லு கிட்டிப்போச்சு.

ஓடினான் ஒரு கூடாரத்துக்கு. "ஒரு கம்பளி குடுங்க!"

"மந்திரி எடுத்துட்டுப் போயிட்டான் ஐயா."

ஓடினான் அடுத்ததுக்கு. "ஒரு கம்பளி குடுங்க!"

"மந்திரி எடுத்துட்டுப் போயிட்டான் ஐயா."

விழுந்து எந்திரிச்சு மூணாவது கூடாரத்துக்குப் போனான். அங்க கருத்தான், ஆட்டுக்கு நடுவுல புள்ளைய நெஞ்சோட அணைச்சுக்கிட்டுக் கெடந்தான். "கம்பளிய மந்திரி எடுத்துட்டான். கேக்கப் போனவ இன்னும் வரல. நீங்க உள்ள வாங்க. ஆட்டுக்கு நடுவுல படுங்க. இந்தாங்க, புள்ளைய வச்சுக்கங்க. அவளுக்கும் சூடு, உங்களுக்கும் சூடு."

புள்ளையோட காலு மந்திரி வயித்துல பட்டுச்சு. அவ்வளவு சில்லிப்பு. அவன் அதைத் தன் கைக்குள்ள வச்சு மூடிக்கிட்டான். விடிய விடிய அழுதான்.

மறுநாள் மந்திரி திரும்பி வந்தான், பூவாத்தாவையும் வெளிய கூட்டியாந்தாங்க. ராசா மந்திரியக் கேட்டான், "சுட்டுச்சா?"

"சுட்டுச்சு ராசா."

"குளுருச்சா?"

"குளுருச்சு ராசா."

"இப்போ யார் நாக்கை அறுக்க?" ராசா பூவாத்தாவப் பாத்தான்.

"அறுக்காதீங்க ராசா. எந்தக் கம்பளி எந்த வீட்டுதுன்னு வாயால கேட்டுக் கேட்டு மந்திரியே குடுக்கட்டும். கடைசிக் கம்பளி போய்ச் சேர்ற வரைக்கும் அவருக்குப் போர்வை இல்ல."

தலையில சொமந்து, கூடாரம் கூடாரமா நின்னு கேட்டு, எல்லாத்தையும் குடுத்து முடிக்க மூணு ராத்திரி ஆச்சு. மூணு ராத்திரியும் ஆட்டுக்கு நடுவுலதான் கெடந்தான். பகல்ல மட்டும் பாத்தவன் ராத்திரியப் பத்தித் தீர்ப்புச் சொல்லக்கூடாது கண்ணுகளா.

அவங்க கம்பளி அவங்களுக்கு வந்துச்சு, உங்க போர்வை உங்க காலடியில இருக்கு. இழுத்துப் போத்துங்க.