ஈசல் ஊட்டிய செம்போத்து

மரங்களெல்லாம் பேசி ஓய்ந்து, பறவைகள் பேசத் தொடங்கியிருந்த காலமாம் அது. ஏரிக்கரையில் ஒரு வேலமரம். அதன் உச்சிக் கிளையில் கரிச்சான் குருவி ஒன்று கூடு கட்டியிருந்தது. உடம்பு என்னவோ ஒரு பிடிதான். ஆனால் வல்லூறின் நிழல் விழுந்தால் போதும், பாய்ந்து போய் அதன் முதுகில் கொத்தித் துரத்திவிட்டுத்தான் மறுவேலை பார்க்கும். அதை நம்பிப் புறாவும் மைனாவும் அதே மரத்தில் குஞ்சு பொரித்தன.

மரத்தடிப் புதரில் ஒரு செம்போத்து, தன் ஒற்றைக் குஞ்சோடு குடியிருந்தது. கரிச்சானை யாராவது புகழ்ந்தால் அதற்குக் காதில் முள் குத்தும். "என் செம்பட்டுச் சிறகை ஏறெடுத்துப் பார்க்க ஆளில்லை. இந்தக் கரிக்கட்டைக்கு இவ்வளவு மரியாதையா!" என்று பொருமும். அந்தக் காவலில்தான் தன் குஞ்சும் வளர்கிறது என்பது அதற்கு உறைக்கவே இல்லை.

சண்டை போட்டு ஜெயிக்க முடியாது. சரி, கெடுத்துவிடலாம் என்று முடிவு செய்தது.

மழைக்காலம், ஈசலுக்குப் பஞ்சமில்லை. மறுநாள் வாய் நிறைய அள்ளிக்கொண்டு கிளை கிளையாகத் தத்தி மேலே போனது.

"அண்ணே, ஊரையே காக்கிறவங்க நீங்க. இரைக்கு அலையலாமா? உட்காருங்க, நான் கொண்டாந்து தர்றேன்."

முதல் நாள் கரிச்சான் வெட்கப்பட்டது. இரண்டாம் நாள் வாங்கித் தின்றது. பத்தாம் நாள், ஏன் இவ்வளவு தாமதம் என்று கேட்டது. அப்புறம் மைனாவிடமும் கேட்க ஆரம்பித்தது: வல்லூறைத் துரத்தினால் எனக்கு என்ன தருவாய்?

மைனா பறந்துவிட்டது. புறாவும் வேறு மரம் பார்த்துக்கொண்டது. செம்போத்தின் வயிறு குளிர்ந்தது.

மழை விட்டது. ஈசலும் ஓய்ந்தது.

அன்றைக்குத்தான் வல்லூறு வந்தது. மரத்தில் கரிச்சானைத் தவிர யாரும் இல்லை. கீழே, புதரை விட்டு வெளியே தத்திக்கொண்டிருந்தது செம்போத்தின் குஞ்சு.

"அண்ணே! என் பிள்ளை! இறங்கி வாங்க!"

கரிச்சான் கழுத்தைச் சாய்த்துக் கீழே பார்த்தது.

"இன்னிக்கு ஈசல் எங்கே?"

கேட்டு முடிப்பதற்குள் வல்லூறு குஞ்சோடு வானத்தில் ஏறிவிட்டது. செம்போத்து பறக்காமல், ஏரிக்கரை ஓரமாகவே நடந்து போய் மறைந்தது.

பொறாமையால் ஒரு நல்லவரைக் கெடுத்தால், அவர் நிழலில் நாம் வாழ்ந்த வாழ்வும் கூடவே கெடும்.